சிடி முதல் புளூ-ரே வரை: பழைய வட்டைப் புதிய பெட்டி எப்படிப் படித்தது?



‘தகவல் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் எழுதுகிற பத்தியை நாம் எல்லாருமே திருத்தியிருக்கிறோம். “முன்பு ஒலிநாடா இருந்தது. பிறகு குறுந்தட்டு வந்தது. இன்று எல்லாம் கைப்பேசியிலேயே வந்துவிட்டது.” அவ்ளோதான். மூன்று வாக்கியத்தில் ஐம்பது ஆண்டுகள் ஓடிவிடும். இலக்கணப் பிழை இல்லை, மதிப்பெண் குறைக்கவும் மனம் வராது. ஆனால் அதில் வரலாறும் இல்லை. ஒன்று போனது, இன்னொன்று வந்தது என்று சொல்வது வெறும் பட்டியல். யார் முடிவு செய்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள், பழையதைக் கையில் வைத்திருந்தவருக்கு என்ன ஆனது என்று கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையில் அந்த நடு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு கேள்வி. 1982-இல் வெளிவந்த ஒரு சிடியை, 2010-இல் வாங்கிய புளூ-ரே பெட்டியில் போட்டால் பெரும்பாலும் பாடிவிடும். எப்படி? இடையில் ஒளியின் நிறம் மாறிவிட்டது. எழுதும் புள்ளியின் அளவு மாறிவிட்டது. பிளாஸ்டிக்கின் கனம்கூட மாறிவிட்டது. இருந்தும் பாடுகிறது. புதிய கருவி பழைய பொருளை ஏற்றுக்கொள்வதை ‘பின்னோக்கிப் பொருந்துதல்’ என்று சொல்லலாம். இது தானாக நடக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து பேசி, விட்டுக்கொடுத்து, கூடுதலாகச் செலவு செய்து நடத்தியது. செலவு செய்ய ஆள் இல்லாத இடத்தில், வட்டு நன்றாக இருந்தும் படிக்கக் கருவி இல்லாமல் போனது. அப்படிப்பட்ட ஒரு கதையும் பின்னால் வருகிறது. அதில் பாதிக்கப்பட்டவர்கள் பள்ளி மாணவர்கள்.

முதலில் வட்டுக்குள் என்ன இருக்கிறது?

சிடியின் அடிப்பக்கம் வானவில் மாதிரி மின்னுகிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரே ஒரு சுருள் தடம். அதை நீட்டிப் போட்டால் சுமார் 5 கிலோமீட்டர் வரும். அந்தத் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்புகிறது. சமதளத்தில் பட்டால் நன்றாகத் திரும்பும், குழியில் பட்டால் மங்கும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘குழி என்றால் 0, மேடு என்றால் 1’ என்று சில குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. மேட்டிலிருந்து குழிக்கோ, குழியிலிருந்து மேட்டுக்கோ மாறுகிற விளிம்புதான் 1. மாற்றம் இல்லாத நீளம் எல்லாம் 0. இன்னொன்று, இசைத்தட்டு வெளிவிளிம்பிலிருந்து உள்ளே போகும். சிடி நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகும். அதனால்தான் 8 சென்டிமீட்டர் குட்டி சிடியையும் அதே பெட்டியில் போட முடிந்தது. இந்தச் சின்ன முடிவே பொருந்துதலுக்கு ஒரு நல்ல உதாரணம்.

இரண்டு நிறுவனங்கள், அரை சென்டிமீட்டர்

சிடிக்கு முன்பே ஒளிவட்டு இருந்தது. 1978-இல் அமெரிக்காவில் லேசர்டிஸ்க் விற்பனைக்கு வந்தது. 30 சென்டிமீட்டர் விட்டம், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. அதில் படம் எண்களாக இல்லை, பழைய தொலைக்காட்சி அலையாகவே பதிந்திருந்தது. வணிகத்தில் பெரிதாகப் போகவில்லை. ஆனால் லேசரால் தொடாமலேயே படிக்கலாம் என்பதை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டியது அதுதான்.

1979 மார்ச் மாதம் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு சிறிய இசைவட்டைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். அதை மூடி வைத்துக்கொள்ளாமல் ஜப்பானுக்குக் கொண்டு போனார்கள். சோனி நிறுவனம் சேர்ந்துகொண்டது. இரு தரப்புப் பொறியாளர்களும் மாறி மாறிச் சந்தித்து, 1980-இல் ஒரு பொது விதிநூலை முடித்தார்கள். அட்டை சிவப்பு நிறம், ஆகவே அதற்குப் பெயர் ‘சிவப்பு நூல்’. ஒரு வட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், நடுத்துளை 15 மில்லிமீட்டர், ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்று எல்லாம் அதில் உண்டு. எந்த நிறுவனம் வட்டு செய்தாலும் எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் ஓடும். நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு நாடாவுக்கு பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் என்று இரண்டு முகாம் பிரிந்து, ஒன்றின் நாடா மற்றதில் நுழையாமல் மக்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்க.

அந்த 44,100 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது? ஒலியை எண்களாக்கிச் சேமிக்க அன்று கையில் இருந்த வசதி ஒளிப்பதிவு நாடாதான். படத்தின் ஒவ்வொரு வரியிலும் 3 மாதிரிகளை வைத்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 வரிகள், வினாடிக்கு 60 முறை. 3 × 245 × 60 பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரிகள், வினாடிக்கு 50 முறை. 3 × 294 × 50 பெருக்கினாலும் 44,100. இரண்டு உலகத்துக்கும் பொதுவான எண் கிடைத்துவிட்டது. நாடாக்கள் மறைந்து போயின. அவற்றின் கணக்கு மட்டும் இன்றைக்கும் நம் பாட்டுக் கோப்புகளில் இருக்கிறது. கணித ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், மகிழ்ந்து போவார்.

விட்டம் பற்றியும் ஒரு கதை உண்டு. பிலிப்ஸ் கேட்டது 11.5 சென்டிமீட்டர். முடிவானது 12. சோனியின் நோரியோ ஓகா, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் ஒரே வட்டில் அடங்க வேண்டும் என்று சொன்னதால்தான் 74 நிமிடம் வந்தது என்பார்கள். ஓகா இசை பயின்ற பாடகர் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழுவில் இருந்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் இதை அப்படியே ஏற்கவில்லை. பிலிப்ஸின் துணை நிறுவனமான பாலிகிராம், ஜெர்மனியில் 11.5 சென்டிமீட்டர் வட்டுக்கான ஆலையைத் தயாராக வைத்திருந்தது. அளவை 12 ஆக்கிவிட்டால் அந்த முன்னிலை போய்விடும், இரு தரப்பும் ஒரே கோட்டில் நிற்கலாம். இதுதான் காரணம் என்பது அவர் வாதம். எனக்கு அவர் சொல்வதே நம்பும்படி இருக்கிறது. வரலாறு படிக்கிற மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அழகான கதை ஒன்று, வணிகக் கணக்கு ஒன்று என்று இரண்டும் எதிரில் நின்றால், இரண்டையும் சொல்லி, எதற்குச் சான்று வலுவாக இருக்கிறது என்று எழுதுவதுதான் நல்ல விடை.

1982 அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானில் சோனியின் முதல் சிடி பெட்டி விற்பனைக்கு வந்தது.

பாட்டுத் தட்டு கோப்புத் தட்டானது

பாட்டில் ஒரு எண் தவறினால் காது கண்டுபிடிக்காது. கணினிக் கோப்பில் ஒரு எண் தவறினால் நிரலே நின்றுவிடும். ஆகவே சிடியைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, பிலிப்ஸும் சோனியும் ‘மஞ்சள் நூல்’ என்ற அடுத்த விதிநூலில் கூடுதல் பாதுகாப்பு வைத்தார்கள். வட்டில் ஒவ்வொரு பகுதியும் 2,352 பைட். அதில் தகவலுக்கு 2,048 மட்டும். மீதி பெரும்பாலும் பிழை கண்டுபிடிக்கவும் திருத்தவும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஆனால் மஞ்சள் நூல் சொன்னது எழுத்தை எப்படிப் பதிப்பது என்பதைத்தான். கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எப்படி எழுதுவது என்பதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுதியது. வட்டு நுழையும், சுற்றும், லேசரும் படிக்கும், ஆனால் கணினிக்கு ஒன்றும் புரியாது. 1985-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஹை சியரா என்ற விடுதியில் நிறுவனங்கள் கூடி ஒரு பொது முறையை உருவாக்கத் தொடங்கின. அது 1988-இல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரமானது. எல்லாக் கணினியும் படிக்க வேண்டும் என்பதற்காக எல்லாரிலும் பலவீனமானவரைக் கணக்கில் எடுத்தார்கள். அடிப்படை நிலையில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். 1995-இல் மைக்ரோசாஃப்ட் ‘ஜோலியட்’ என்ற நீட்சியைச் சேர்த்த பிறகுதான் 64 எழுத்து வரை, பிற மொழிகளிலும், பெயர் வைக்க வழி வந்தது. பழைய பெயர்ப் பட்டியலை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புதிய பட்டியலையும் எழுதினார்கள். பழைய கணினி பழைய பட்டியலைப் படிக்கும், புதியது புதியதைப் படிக்கும். எளிமையான யோசனை, ஆனால் எவ்வளவு நாகரிகமானது பாருங்க.

நம் ஊர் விசிடி

1993-இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிதா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் ‘வெள்ளை நூல்’ வெளியிட்டன. அதுதான் விசிடி. மேற்கு நாடுகளில் இது எடுபடவில்லை. ஆசியாவில் சக்கைப்போடு போட்டது. முப்பது வயதைத் தாண்டிய மலேசியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாசார் மாலாம் கடைகளில் பிளாஸ்டிக் உறையில் வரிசையாகத் தொங்கியவை அவை. நம் ஈரப்பதத்தில் நாடாவில் பூஞ்சைக் காளான் பிடிக்கும். வட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு, பெட்டியும் மலிவு. ஒரு வட்டுக்கு 74 நிமிடம்தான் என்பதால் இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு மூன்று வட்டு. சரியாகச் சண்டைக் காட்சியில் எழுந்து போய் வட்டு மாற்ற வேண்டும்.

மேலே சொன்ன 2,048-ஐ நினைவிருக்கிறதா? விசிடியில் படம் இருக்கும் பகுதிகளில் அதை 2,324 ஆக்கினார்கள். அதாவது, படத்தில் ஓரிரு புள்ளி தவறினால் பரவாயில்லை என்று கூடுதல் பிழைத்திருத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தை நிரப்பினார்கள். கீறல் விழுந்த விசிடியில் படம் சதுரம் சதுரமாக உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலிவாக அச்சடிக்க முடிந்ததால் திருட்டு வட்டும் பெருகியது. மலேசியாவில் ஒளிவட்டுத் தயாரிப்புக்கு உரிமம் கட்டாயம் என்று 2000-இல் தனிச் சட்டமே வந்தது. ஒரு சேமிப்பு வடிவத்துக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது என்றால், அது மக்களிடம் எவ்வளவு புழங்கியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாமே எழுதும் வட்டு

ஆலையில் அச்சடித்த வட்டில் உண்மையான குழி உண்டு. நாம் கணினியில் ‘பர்ன்’ செய்த சிடி-ஆரில் குழி இல்லை. ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் சூடாக்கியதும் அந்த இடத்தில் சாயம் மாறி, பழைய பெட்டிக்குக் குழி மாதிரி தெரிகிறது. பொறியாளர்கள் இங்கே பட்ட பாடு பெரியது. கோடிக்கணக்கான பெட்டிகள் ஏற்கெனவே வீடுகளில் இருந்தன. அவற்றை மாற்ற முடியாது. ஆகவே புதிய வட்டுதான் பழைய பெட்டிக்கு ஏற்ப நடிக்க வேண்டும். சாயத்துக்குப் பின்னால் மெல்லிய தங்கப் படலம் பூசி, ஒளி போதுமான அளவு திரும்பும்படி செய்தார்கள். பின்னர் 1997-இல் வந்த சிடி-ஆர்டபிள்யூ, அழித்து எழுதக்கூடியது. அதன் உலோகக் கலவை ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பியது. பழைய பெட்டிகள் அதை வட்டு என்றே ஏற்கவில்லை. அதே குடும்பம், அதே அளவு, ஆனால் பொருந்தவில்லை.

டிவிடி: சண்டையும் சமரசமும்

1995 தொடக்கத்தில் மறுபடியும் இரண்டு முகாம். சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம். தோஷிபா, மட்சுஷிதா, டைம் வார்னர் முதலியவை மறுபக்கம். இந்த முறை கணினி நிறுவனங்கள் தலையிட்டன. ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்டவை சேர்ந்து, ஒரே வடிவம் வந்தால்தான் வாங்குவோம் என்று நெருக்கின. ஆண்டு முடிவதற்குள் சமரசம் ஆனது. தோஷிபா பக்கத்திலிருந்து 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டும் முறை வந்தது. பிலிப்ஸ், சோனி பக்கத்திலிருந்து எழுத்தைக் குறியீடாக்கும் முறை வந்தது. அதனால் கொள்ளளவு 5 கிகாபைட்டிலிருந்து 4.7-க்கு இறங்கியது. ஆனால் நுகர்வோருக்குச் சண்டை மிச்சம். 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது.

இப்போது பாருங்கள் சிக்கலை. சிடியின் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவிடியின் லேசர் 650 நானோமீட்டர், சிவப்பு. சிடியில் ஒளி 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தாண்ட வேண்டும், டிவிடியில் 0.6 மட்டும். ஒன்றுக்குச் செய்த லென்ஸ் மற்றதில் மங்கலாகக் குவியும். சில நிறுவனங்கள் இரண்டு லென்ஸ் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தின. சில, ஒரே லென்ஸில் இரண்டு குவியம் வரும்படி செய்தன. அச்சடித்த சிடி இதனால் ஓடியது. ஆனால் நாம் பர்ன் செய்த சிடி-ஆர் முதல் கால டிவிடி பெட்டிகள் பலவற்றில் ஓடவில்லை. காரணம், அந்தச் சாயம் அகச்சிவப்புக்காகச் செய்தது. சிவப்பு ஒளி பட்டால் திரும்பாமல் அதிலேயே அடங்கிப் போனது. அதற்காகவே இரண்டாவது லேசரைச் சேர்த்தார்கள். பெட்டியின் மேல் ‘சிடி-ஆர் ஓடும்’ என்று ஒரு வரி இருந்தால், அதன் பின்னால் ஒரு கூடுதல் லேசர் இருக்கிறது என்று பொருள்.

தொழில்நுட்பம் பொருந்தினாலும் மனிதர்கள் பொருந்தவிடாத இடமும் உண்டு. டிவிடியில் உலகத்தை மண்டலமாகப் பிரித்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் மண்டலம் 3. இந்தியா மண்டலம் 5. சட்டப்படி காசு கொடுத்து வாங்கிய வட்டு, எல்லை தாண்டினால் ஓடாது. திரைப்பட நிறுவனங்கள் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு நாளில் வெளியிடுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பட வட்டுகள் பலவற்றில் எல்லா மண்டலத்துக்கும் பொது என்று இருந்ததால் நாம் தப்பித்தோம்.

எழுதும் டிவிடியில் மறுபடி சண்டை: டிவிடி-ஆரில் கழித்தல் குறி ஒரு முகாம், கூட்டல் குறி ஒரு முகாம். பள்ளி அலுவலகத்தில் தவறான குறியுள்ள பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு விழித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் கண்டிப்பாக இருப்பீர்கள். 2002-இல் இரண்டையும் எழுதும் இயக்கி வந்ததும் சண்டை பொருளற்றதாகிவிட்டது. யாரும் வெல்லவில்லை, இயக்கி செய்தவர் இரண்டு சுமையையும் தூக்கிக்கொண்டார்.

மாணவர்கள் எழுதிய வட்டு

இனி, தொடக்கத்தில் சொன்ன கதை. 1086-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியமின் ஆணைப்படி நாட்டில் உள்ள நிலம், மக்கள், மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதினார்கள். அதுதான் டூம்ஸ்டே நூல். அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே செய்தது. பிரிட்டன் முழுவதையும் 4 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கட்டம் போட்டுப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு பள்ளியிடம் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் என்ன கடை இருக்கிறது, மக்கள் என்ன வேலை செய்கிறார்கள், என்ன விளையாடுகிறீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள், எழுதி அனுப்புங்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பங்கெடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது, பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

எல்லாவற்றையும் சேமிக்க அன்றைக்கு ஒரு சிடியின் இடம் போதாது, படங்கள் அவ்வளவு. ஆகவே லேசர்டிஸ்கின் ஒரு தனிவகையைத் தேர்ந்தெடுத்தார்கள். படங்கள் பழைய தொலைக்காட்சி அலையாகவும், எழுத்து எண்களாகவும் அதே வட்டில். ஓட்டுவதற்கு பிலிப்ஸ் செய்த தனிப் பெட்டி, அதனோடு பிபிசி நுண்கணினி. முழுத் தொகுதி விலை சுமார் 5,000 பவுண்டு. எழுதிய பள்ளிகளில் பெரும்பாலானவற்றால் அதை வாங்க முடியவில்லை. தாங்கள் எழுதியதைத் தாங்களே பார்க்காத மாணவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்க.

அந்த வடிவம் வேறு எங்கும் பரவவில்லை. பரவாத வடிவத்துக்கு அடுத்த தலைமுறைப் பெட்டியில் இடம் வைக்க யாருக்கும் அவசியம் இல்லை. டிவிடி பெட்டி செய்தவர் சிடிக்காகக் கூடுதல் லேசர் வைத்தாரே, அது மக்கள் வீட்டில் கோடிக்கணக்கில் சிடி இருந்ததால். டூம்ஸ்டேக்கு அப்படி ஒரு கூட்டம் பின்னால் இல்லை. பதினைந்து ஆண்டுக்குள் ஓடும் பெட்டிகள் விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்தன. வட்டு கெடவில்லை. படிக்கும் பெட்டிதான் அழிந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 900 ஆண்டுப் பழைய தோல் நூல், கண்ணாடிக்குப் பின்னால், படிக்கத் தெரிந்தவர் படிக்கும் நிலையில் இருந்தது.

நல்லவேளையாக, லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2002-இல் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி, வட்டின் உள்ளடக்கத்தை மீட்டுக் காட்டினார்கள். 2011-இல் பிபிசியே மாணவர்கள் எழுதியதை இணையத்தில் போட்டது. மீட்பதற்கு ஆள் இருந்தார்கள், பிபிசி என்ற பெயர் பின்னால் இருந்தது. அப்படிப் பெயர் இல்லாத வட்டுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

புளூ-ரேயும் அதற்குப் பின்னும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீல லேசர் சாத்தியமானதும் 405 நானோமீட்டர் ஒளியில் எழுத முடிந்தது. மறுபடி இரண்டு முகாம். தோஷிபாவின் எச்டி டிவிடி, டிவிடியின் 0.6 மில்லிமீட்டர் கனத்தையே வைத்துக்கொண்டது, அதனால் பழைய ஆலைகளே பெரிய மாற்றமின்றி அச்சடிக்கலாம். ஓர் அடுக்குக்கு 15 கிகாபைட். சோனி முகாமின் புளூ-ரே பழைய கனத்தைக் கைவிட்டது. எழுத்துக்கு மேல் வெறும் 0.1 மில்லிமீட்டர் உறை, ஓர் அடுக்குக்கு 25 கிகாபைட். ஆலைக்குப் பொருந்தாததுதான் வென்றது. பிளேஸ்டேஷன் 3 ஏற்கெனவே லட்சக்கணக்கான வீடுகளுக்குள் புளூ-ரே இயக்கியைக் கொண்டுபோயிருந்தது. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் போக, பிப்ரவரி 19-இல் தோஷிபா கைவிட்டது. இப்போது ஒரே பெட்டிக்குள் அகச்சிவப்பு, சிவப்பு, நீலம் என மூன்று லேசர். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். 1982 சிடிக்காக அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு லேசர் காத்திருக்கிறது.

ஆனால் வார்னர் முடிவெடுத்த அதே 2008 ஜனவரியில்தான் ஆப்பிள் நிறுவனம் வட்டு இயக்கியே இல்லாத மடிக்கணினியை அறிமுகப்படுத்தியது. யார் வென்றார்கள் என்பதைவிட அது பெரிய செய்தி. 2025 பிப்ரவரியோடு சோனி எழுதும் புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. இன்று உங்கள் வகுப்பு மாணவர்களின் மடிக்கணினியைப் பாருங்கள், வட்டு போட இடமே இருக்காது.

நம் பள்ளி அலமாரி

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தமிழ்மொழிப் பணித்தியக் குழுவின் அலமாரியைத் திறந்து பாருங்கள். கேட்டல் பயிற்சி வட்டுகள், பத்து இருபது ஆண்டுக்கு முந்தைய பேச்சுப்போட்டி, நாடகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் உரை என்று ஏதாவது இருக்கும். அச்சடித்து விற்ற வட்டுக்கு வேறு படி எங்காவது கிடைக்கும். கையால் பெயர் எழுதிய சிடி-ஆர்தான் ஒரே ஒரு படி. முதலில் அதை எடுங்கள். சாயப் படலம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். அடுத்து விசிடி, கூடுதல் பிழைத்திருத்தம் இல்லாதது. வெளியே செருகும் டிவிடி இயக்கி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. பள்ளிக்கு ஒன்று போதும்.

துடைக்கும்போது வட்டமாகத் துடைக்க வேண்டாம், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. காரணம் உண்டு. சிடியின் பிழைத்திருத்தம் தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு அழிந்தாலும் முழுமையாக மீட்டுவிடும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் வெட்டும். வட்டமான கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அது தாங்காது. மேல்பக்கத்தையும் அலட்சியமாக வைக்காதீர்கள். சிடியில் ஒளி திருப்பும் படலம் பெயர் எழுதும் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

கோப்பை எடுத்த பிறகு இன்னொரு பூட்டு இருக்கலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டன. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கூடிப் பேசின. அந்தக் காலக் கட்டுரையை இன்று திறந்தால் புரியாத குறிகளாக வரும். அழித்துவிடாதீர்கள், கோப்பு கெடவில்லை. எந்த எழுத்துருவில் எழுதியது என்று தெரிந்தால் குறியாக்க மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். எழுதியவர் இன்னும் தொடர்பில் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.

விரலியில் ஒன்று, பள்ளியின் இணையச் சேமிப்பில் ஒன்று என இரண்டு படி. ஒலி, ஒளிப்பதிவு என்றால் முதல் நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு வட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். எழுத்து நடுவிலிருந்து வெளியே போகிறது, நம் கை படுவதெல்லாம் விளிம்பில்.